பழி காயில் மேலே, பிழை லக்கில்!

மோட்டார் எரிந்துவிட்டால் முதல் பழி காயில் மேல்தான் விழும். ‘போன தடவை கட்டினவன் மட்டமான கம்பி போட்டுட்டான்’ என்பார் தோட்டக்காரர். காயில் கட்டியவர் லோ வோல்டேஜைக் காட்டுவார். லைன்மேனைக் கேட்டால் மோட்டார் பழசு என்பார். மூவரும் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளி ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதற்குள் கருகிய லக் ஒன்று திருகாணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கழுத்தில் வயரின் பி.வி.சி. தோல் உருகிப் பழுப்பேறியிருக்கும். லேசாக இழுத்தால் வயர் தனியே கையோடு வந்துவிடும். அதை இழுத்துப் பார்ப்பவர்தான் குறைவு.

லக் சிறிய பொருள். செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கித் துளை போட்டால் அது லக். குழாய்ப் பக்கம் வயரை நுழைத்து அழுத்துகிறோம், துளைப் பக்கத்தைத் திருகாணியில் முறுக்குகிறோம். அந்த அழுத்தும் வேலைக்குப் பெயர்தான் கிரிம்பிங். திண்டுக்கல் பக்கம் ‘லக் அடிக்கிறது’ என்றால் எல்லோருக்கும் புரியும். அடிக்கும் கருவியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காயிலுக்கும் கேபிளுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற நாம், இரண்டையும் இணைக்கும் இடத்தைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி விட்டுவிடுகிறோம். இந்த மாவட்டத்தின் கரண்ட் வேலையில் உடனே மாற வேண்டிய பழக்கம் எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

கணக்கு எளிது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய 10 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சரியாக நசுங்காத ஒரு லக்கில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, தடையால் மறுபடி பெருக்கினால் அந்த இடத்தில் எழும் வெப்பம் கிடைக்கும். 15 ஆம்பியருக்கு அது 22.5 வாட். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படியொரு அயர்னை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மூடிவைத்துவிட்டு, மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் மோட்டாரை ஓட விடுகிறோம். சூடேறினால் செம்பின் மேல் கறை படியும், கறை படிந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். ஒரு நாள் அந்த முனை விட்டுப்போகும்.

கெடுதல் அதோடு நிற்பதில்லை. மூன்று ஃபேஸில் ஒன்று லக்கில் அறுந்தால் மோட்டார் உடனே நின்றுவிடாது, மிச்சமுள்ள இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டே ஓடும். அந்த இரண்டிலும் கரண்ட் ஏறத்தாழ 1.73 மடங்காக எகிறும். ஓவர்லோடு ரிலே ஒழுங்காக இருந்தால் தப்பிக்கலாம். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ரிலேயை ஏற்றிவைத்த பெட்டிகளில் காயில் கருகிவிடும். பிறகு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் காயில் கருகியிருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். காரணமான லக்கோ மேலே பெட்டியிலேயே தங்கிவிடும். புதுக் காயில் கட்டி மோட்டாரை இறக்கினால், அதே லக்கில் அதே கதை மறுபடி தொடங்கும்.

திண்டுக்கல் சமவெளிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் முருங்கையும் தக்காளியும், நிலக்கோட்டை மல்லிகையும், கொடைரோடு பக்கத்துத் திராட்சையும் மோட்டார் தண்ணீரை நம்பித்தான் நிற்கின்றன. கடினப் பாறை நிலம் இது. ஆயிரம் அடிக்குப் போர் போடுவது இங்கே ஆச்சரியமான செய்தி இல்லை. அவ்வளவு ஆழத்தில் கிடக்கும் மோட்டாரை மேலே தூக்க வண்டி வேண்டும், ஆள் வேண்டும், பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பூ பூக்கும் பருவத்தில் நான்கு நாள் தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை மல்லிகைக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பில் வராத இணைப்பில் வீணாகும் மின்சாரம் கண்ணில் படாமல் போகிறது. லக்கில் எரியும் 22 வாட் வீட்டு மீட்டரில் ஓடினால் யாராவது கவனித்திருப்பார்கள். இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கன்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டிய பழக்கமும் இங்கே உண்டு. அப்படி ஓட்டும்போது கூடுதல் கரண்ட் முதலில் சோதித்துப் பார்ப்பது இந்த லக்குகளைத்தான்.

அழுத்தினால் போதுமா?

‘நல்லா முறுக்கி ஈயம் வச்சிட்டா ஆயுசுக்கும் விடாது’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேடியோவுக்குள் அது சரி. அதிர்வு உள்ள இடத்தில் சரிவராது. உருகிய ஈயம் வயர் இழைகளின் நடுவே ஏறிப்போய் அந்த நீளத்தைக் கம்பிபோல விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். சூடு மிஞ்சினால் ஈயம் இளகவும் செய்யும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கப்பலிலும் விமானத்திலும்தான் பெரிய அளவில் வந்தது. 1941-ல் அமெரிக்காவில் அங்கஸ் விட்டேக்கர் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஏர்கிராஃப்ட் மரைன் புராடக்ட்ஸ் என்று அதற்குப் பெயர். சுருக்கமாக ஆம்ப். உலகப் போர்க் காலம். ஒவ்வொரு கப்பலிலும் விமானத்திலும் ஆயிரக்கணக்கான முனைகளை ஈயம் வைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஈயமே வேண்டாத, கருவியால் அழுத்தினால் முடிந்துவிடும் முனைகளை அந்த நிறுவனம் செய்து கொடுத்தது. 1999-ல் அதை டைகோ என்ற நிறுவனம் வாங்கியது. இன்று டி.இ. கனெக்டிவிட்டி என்ற பெயரில் காரிலிருந்து செயற்கைக்கோள்வரை அதன் முனைகள் இருக்கின்றன.

சரியான கருவியால் அடித்த லக்கைக் குறுக்கே அறுத்து, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளே போகும்போது வட்டமாக இருந்த இழைகள் ஒன்றையொன்று நெருக்கி மூலை மூலையாக மாறியிருக்கும். இடையே இருட்டுப் புள்ளி ஒன்றுகூட இருக்காது. காற்று புகாத இடத்தில் ஈரமும் புகாது, கறையும் பிடிக்காது. கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்கை இதேபோல அறுத்தால் வேறு காட்சி. குழாய் சப்பையாகி நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும். இரண்டு ஓரத்திலும் இழைகள் வட்டம் கலையாமல், தொட்டும் தொடாமலும் கிடக்கும். கரண்ட் பாய ஏழெட்டு இழை கிடைத்தால் பெரிது.

அளவுக்கு மீறி அழுத்துவதும் கெடுதல்தான். இழைகள் வெட்டுப்படும், 4 ஸ்கொயர் எம்.எம். வயர் அந்த இடத்தில் 2.5 ஆகிவிடும். குறைவாகவும் கூடாது, மிகுதியாகவும் கூடாது என்றால் மனிதக் கையை நம்ப முடியாது. காலையில் அடிக்கும் முதல் லக்குக்கும் மாலை வெயிலில் வியர்த்து அடிக்கும் கடைசி லக்குக்கும் ஒரே அழுத்தம் வர வேண்டும். கருவியின் வேலை அதுதான்.

‘எல்லாத்துக்கும்தாண்ணே!’

ரத வீதிப் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைகளில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

‘அண்ணே, லக் அடிக்க ஒரு பிளேயர் குடுங்க.’

‘எந்த சைஸுக்குத் தம்பி?’

‘எல்லாத்துக்கும்தாண்ணே.’

கடைக்காரர் 200, 300 ரூபாய்க்கு ஒரு தகடு பிளேயரை எடுத்து வைப்பார். வயர் உரிக்க ஓட்டை, திருகாணி வெட்ட ஓட்டை, லக் அழுத்த மூன்று பள்ளம், எல்லாம் ஒரே தகட்டில். பிழை தொடங்குவது இங்கேதான். எல்லா சைஸுக்குமான லக் கருவி என்று ஒன்று கிடையாது.

தாள் தடிமனில் அடித்துச் செய்த அந்தத் தகடு பிளேயரை வாங்க வேண்டாம் என்பது என் முடிவு. பிடி வளையும், பள்ளம் விரியும், எவ்வளவு அழுத்தினோம் என்பதற்கு அளவே இல்லை. அவசரத்துக்கு வண்டியில் கிடந்தால் கிடக்கட்டும், மோட்டார் கனெக்‌ஷனுக்கு அதைத் தொடக்கூடாது.

கட்டுப்படியான விலையில் தேட வேண்டியது ராட்செட் உள்ள கருவி. பிடியை அழுத்தினால் ‘டக் டக்’ என்று பல் பல்லாக இறங்கும். முழு அழுத்தம் முடியும்வரை வாய் திறக்காது. பாதியில் விட நினைத்தாலும் விடாது, அதற்கென்று உள்ள சின்ன நெம்பைத் தள்ளினால்தான் விடும். இந்த ஒரு குணத்துக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். சீனத் தயாரிப்பில் எச்.எஸ்-30ஜே என்ற மாடலும் அதன் நகல்களும் எங்கும் கிடைக்கின்றன. 1,000 ரூபாயை ஒட்டி விலை. 0.5 முதல் 6 ஸ்கொயர் எம்.எம். வரை உறை போட்ட லக்குகளுக்கு அது போதும். வாயில் சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று புள்ளி இருக்கும். சிவப்பு உறை லக் 1.5 ஸ்கொயர் வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. நிறத்துக்கு நிறம் பொருத்தி அழுத்தினால் முடிந்தது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த மூன்று புள்ளி வாய், பிளாஸ்டிக் உறை போட்ட லக்குக்கு மட்டும்தான். உறையில்லாத வெறும் செம்பு லக்கை அதில் வைத்தால் முட்டை வடிவத்தில் சப்பையாகும், பிடிப்பு இருக்காது. வெறும் லக்குக்கு ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் பல்லும் உள்ள வாய் வேண்டும். பல் லக்கின் முதுகில் குழி போட வேண்டும். அப்படிக் குழி போடும்போது லக்கின் ஒட்டுத் தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். தையல் பள்ளத்தில் உட்கார வேண்டும், குழி அதற்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும். மாறிப்போனால் தையல் பிளந்து லக் வாயைத் திறந்துவிடும். எம்.சி.பி.யிலும் காண்டாக்டரிலும் திருகாணிக்கு அடியில் போகும் பல இழை வயருக்கு ‘பின்’ லக் தேவை. அதற்கு வாய் வேறு, எஸ்.என்-06டபிள்யூ.எஃப் போன்ற கருவிகள் அந்த வேலைக்கானவை. ஒரே உடம்பில் வாயை மட்டும் மாற்றும் செட் கிடைக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போகிற எலக்ட்ரீஷியனுக்கு அதுவே லாபம்.

10 ஸ்கொயருக்கு மேலே போனால் கைவலு போதாது. சுத்தியலால் அடிக்கும் மலிவான பஞ்ச் ஒன்று கடைகளில் உண்டு. ஒரே பலமாக, நேராக, கெட்டியான தரையில் வைத்து அடித்தால் பாட்டரி லக்குக்கு ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். கம்பத்தின் மேல் நின்று அதை அடிக்க முடியாது. ஹைட்ராலிக் கருவிதான் முறை. ஒய்.க்யூ.கே-70 வகை 4 முதல் 70 ஸ்கொயர் வரை ஆறுமுக அச்சுகளோடு சில ஆயிரம் ரூபாயில் வருகிறது. ஆளுக்கொன்று வாங்குவது வீண் செலவு. நான்கு எலக்ட்ரீஷியன்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு ஊருக்கே போதும். இரண்டு பாதி அச்சும் முட்டியபின் மேலும் பம்ப் அடிக்காமல் இருந்தால் அதன் எண்ணெய் சீலும் நீண்ட நாள் தாங்கும்.

இந்திய நிறுவனங்களில் டோவல்ஸ், ஜெய்ன்சன் இரண்டும் லக்கும் கருவியும் சேர்த்தே விற்கிறவை. ஒரே நிறுவனத்தின் லக்கும் அச்சும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஜெர்மனியின் நிபெக்ஸ், கிளவுக்கே கருவிகளின் உழைப்பைப் பற்றி இரண்டு கருத்து இல்லை, ஆனால் அந்த விலை இந்த வேலையில் திரும்பி வருவது கஷ்டம். தினம் நூறு லக் அடிக்கிற பேனல் போர்டு பட்டறைக்கு அது சரி. வாரத்துக்குப் பத்து லக் அடிக்கிறவருக்கு ராட்செட் உள்ள நடுத்தரக் கருவியே நியாயம்.

பூட்டு ஊரான திண்டுக்கல்லுக்கு இந்த அளவுப் பொருத்தத்தை விளக்கவே தேவையில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957-லேயே இங்கே அமைந்தது. உள்ளே இருக்கும் லீவர்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒரே சாவிக்கு இசைய வைக்கிற கைகள் இந்த ஊரில் உண்டு. அரை மில்லிமீட்டர் விலகினால் பூட்டு திறக்காது என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். வயர், லக், அச்சு மூன்றுக்கும் உள்ள பொருத்தமும் அப்படித்தான். 4 ஸ்கொயர் வயரை 6 ஸ்கொயர் லக்கில் போட்டு, இடைவெளிக்கு இரண்டு துண்டு வயர் திணித்து அடிப்பது, வேறு சாவியை நெம்பித் திறக்கப் பார்ப்பதற்குச் சமம்.

வாங்குமுன் ஒரு சோதனை

லக்கிலும் ஏமாற்று உண்டு. செம்பு நிறம் இருப்பதெல்லாம் செம்பு அல்ல, வெள்ளி நிறம் இருப்பதெல்லாம் ஈயப்பூச்சுச் செம்பும் அல்ல. கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. அரத்தால் ஒரு கீறு கீறினால் மேற்பூச்சு போய் உள்ளே இருப்பது தெரியும். செம்பு சிவக்கும், பித்தளை மஞ்சளிக்கும், அலுமினியம் வெளுக்கும். குழாயின் சுவர் கனமும் முக்கியம். நகத்தால் அமுக்கினாலே நெளிகிற லக்கை எந்தக் கருவியும் காப்பாற்றாது.

கருவியைச் சோதிக்க இன்னும் நல்ல வழி இருக்கிறது. வீட்டிலிருந்து உங்கள் வயரில் ஒரு முழமும், உங்கள் லக்கில் இரண்டும் கொண்டுபோய்க் கடையிலேயே அடித்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். அடித்த லக்கைக் கண்ணால் பார்க்கும்போது மூன்று இடத்தைக் கவனிக்க வேண்டும். குழாயின் முன்வாயில் இழைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். பின்வாயில் வயர் நுழையும் விளிம்பு லேசாக விரிந்திருக்க வேண்டும், இழையை வெட்டுகிற கூர் இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் தோல் செம்புக் குழாய்க்குள் மாட்டியிருக்கவே கூடாது.

பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். ஐ.இ.சி. 60352-2 என்ற சர்வதேசத் தரம், அழுத்திய முனை எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று வயர் அளவுவாரியாகச் சொல்கிறது. 1.5 ஸ்கொயருக்கு 150 நியூட்டன், 2.5-க்கு 230, 4-க்கு 310, 6-க்கு 360. நம் எடையில் சொன்னால் முறையே சுமார் 15, 23, 31, 36 கிலோ. ஆய்வகம் வேண்டாம். லக்கை ஆணியில் மாட்டி, வயரின் மறுமுனையில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 20 கிலோ ஆயிற்று. 2.5 ஸ்கொயர் வயருக்கு அதோடு மூன்று லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். மெதுவாக இறக்கி ஒரு நிமிடம் விடுங்கள். நழுவினால் கருவியோ லக்கோ பிசகு. கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக்கையும் பக்கத்திலேயே தொங்கவிட்டுப் பார்த்தால், மேற்கொண்டு யாரும் வாதாட வேண்டியிருக்காது. கால்மேல் கேன் விழாதபடி தள்ளி நிற்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அலுமினியம் தனி ரகம்

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். அதைச் செம்பு லக்கில் திணித்து அடிப்பது இங்கே சர்வசாதாரணம். இரண்டு காரணத்தால் அது நிலைக்காது. அலுமினியத்தை உரித்த மறுகணமே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் பிடிக்கும். அந்தப் படலத்தில் கரண்ட் போகாது. அடுத்தது, சூட்டில் அலுமினியம் செம்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதலாக விரியும். பகலில் மோட்டார் ஓடி, இரவில் நின்று, விரிந்து சுருங்கி, அழுத்தத்தில் மெல்ல வழிந்து, ஒரு கோடைக்குள் பிடி தளர்ந்துவிடும். ஈரம் சேர்ந்தால் இரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பும் தொடங்கும்.

அலுமினியத்துக்கு அலுமினிய லக்தான். ஐ.எஸ். 8309 என்ற இந்தியத் தரம் அதற்கென்றே இருக்கிறது. வயரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஜாயிண்டிங் பேஸ்ட் தடவி, ஆறுமுக அச்சில் அழுத்த வேண்டும். ஸ்டார்ட்டரின் செம்பு முனையோடு சேர்க்க, ஒரு பாதி அலுமினியமும் மறு பாதி செம்புமான பைமெட்டல் லக் கிடைக்கிறது. பேஸ்ட் டப்பா ஒன்று ஆண்டுக்கணக்கில் வரும். அந்தச் செலவுக்கு யோசிக்கிறவர்கள், கருகிய மெயின் சுவிட்ச் மாற்றிய செலவை எழுதி வைத்திருந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

கிணற்றடியும் கடலோரமும்

மோட்டார் வயரும் நீள் கேபிளும் சேரும் ஜாயிண்ட்தான் எல்லாவற்றிலும் கடினமான இடம். தண்ணீருக்கு அடியில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும். நூறு மீட்டர் தண்ணீருக்குள் கிடக்கும் ஜாயிண்ட்டை அந்த அழுத்தம் நாளெல்லாம் துளைக்கப் பார்க்கும். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பைப்பு முழுக்க ஓர் உதறல் உதறும், கேபிள் பாறையில் உரசும். இந்த இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றி இறக்குகிறவர்கள் இன்றும் உண்டு.

செய்ய வேண்டியது செம்பு ஸ்லீவ். இரண்டு முனையையும் இரு பக்கமிருந்து நுழைத்து, ஸ்லீவின் இரண்டு பாதியையும் தனித்தனியே அழுத்த வேண்டும். மூன்று வயரின் ஜாயிண்ட்டும் ஒரே உயரத்தில் வராமல் மேலும் கீழுமாகப் படி வைத்து வெட்ட வேண்டும். அப்போது ஒன்றின் மேல் டேப் கிழிந்தாலும் மற்றதோடு முட்டாது. முதலில் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப். ஸ்லீவின் விளிம்பில் கூர் இருந்தால் அரத்தால் மழுக்கிவிட்டுத்தான் டேப் தொட வேண்டும். நான் பார்த்த நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் இந்த அரம் தேய்க்கும் இடத்தில்தான் நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே வேலை இதைவிடக் கடுமையாக நடக்கும் இடம் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி வயரிங் மாற்றிக்கொள்கின்றன. அங்கே ஓடுவது பாட்டரியின் 12 அல்லது 24 வோல்ட். அந்த வோல்டேஜில் ஒரு மோசமான லக் செய்யும் சேதம் பல மடங்கு. 0.1 ஓம் தடையில் 10 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட் காணாமல் போகும். நம் 415 வோல்ட் மோட்டாருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது. 12 வோல்ட் படகிலோ பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு மந்தமாகும், ஜி.பி.எஸ். நடுக்கடலில் அணைந்து அணைந்து எரியும்.

உப்புக்காற்று செம்பு இழைகளின் நடுவே ஊறி, தோலுக்கு உள்ளேயே முழ நீளத்துக்குக் கறுப்பேற்றிவிடும். அதனால் படகுக்கு ஈயம் பூசிய இழை வயர், லக் கழுத்தில் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை, ராட்செட் கருவி மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். அமெரிக்கப் படகுத் தரங்களை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு, ஈயத்தை மட்டும் நம்பி முனைகளைப் பிடித்து வைக்கக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. பாட்டரி லக்குக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு. திண்டுக்கல்லில் போர் ஜாயிண்ட் போடுகிறவர் இந்தப் படகு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பசை உறையின் விலை டேப்பைவிடச் சற்றுக் கூடும், தண்ணீர் புகும் வழியை அது மூடிவிடும்.

சோலார் பம்பு வந்தபின் இன்னொரு பொறுப்பு சேர்ந்திருக்கிறது. 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் மானியத்தில் தோட்டங்களில் பேனல்கள் நிற்கின்றன. பேனல்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரின் உள்முனைக்குத் தனி அச்சு உண்டு. அதைப் பிளேயரால் நசுக்கினால் முனை கோணலாகி, இணையோடு சரியாக உட்காராது. வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. பேனலின் டி.சி.யில் அந்தப் பூஜ்யம் இல்லை. பொறி ஒருமுறை பிடித்தால் பிளாஸ்டிக் உருகும்வரை நின்று எரியும், கீழே காய்ந்த புல் இருந்தால் தோட்டமே போகும். வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களில் இதே அச்சம் பஞ்சுத் தூசியால் வருகிறது. பேனல் போர்டில் படிந்த பஞ்சுக்குச் சூடான ஒரு லக் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் நல்ல கருவி எலக்ட்ரீஷியன் பையில் வராததற்கு ஒரே காரணம் கூலி. மோட்டாரைத் தூக்கக் கூலி உண்டு, காயில் கட்டக் கூலி உண்டு, லக் அடிக்கத் தனிக் கூலி இல்லை. ‘வந்த இடத்துல ரெண்டு லக்கையும் அடிச்சுட்டுப் போப்பா’ என்பதோடு அந்த வேலையின் மதிப்பு முடிந்துவிடுகிறது. மத்திய அரசு 2023-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை தருகிறது. பூட்டுத் தொழிலும் படகு கட்டும் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, மோட்டார் எலக்ட்ரீஷியன் இல்லை. அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்காத தமிழ்நாட்டில், ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகள் கையில் ஸ்குரு டிரைவர், டெஸ்டரோடு ஒரு ராட்செட் கருவியையும் கொடுத்து அனுப்ப அரசு முன்வர வேண்டும். அதுவரை பணம் தோட்டக்காரர் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியில் மெயினுக்கு மூன்று, மோட்டாருக்கு மூன்று, கிணற்றுக்குள் ஸ்லீவ் மூன்று. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் மோட்டார் பக்கம் மட்டும் ஆறு. லக்குக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசிக் கொடுத்தாலும் மோட்டார் தூக்கும் வண்டி வாடகையில் ஒரு துளிதான் வரும். கேட்கத் தயங்குகிற தம்பிமார்கள் ஒன்று செய்யலாம். பெட்டியிலிருந்து கழற்றிய பழைய லக்கைத் தோட்டக்காரர் கையில் கொடுத்து, ‘நீங்களே இழுத்துப் பாருங்கய்யா’ என்று சொல்லுங்கள். வயர் கழன்று வரட்டும். பிறகு உங்கள் கருவியில் புதிதாக ஒன்றை அடித்து அதையும் அவர் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். கூலிப் பேச்சை அதன்பிறகு ஆரம்பியுங்கள்.